மூடி வைப்பது மானம் ஆகாது

(நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, ஜகாத் விநியோகம், மருத்துவ முகாம் பற்றிப் பேசுவோம். இன்று பேசப்போவது பலருக்குச் சங்கடமான விஷயம். பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமை, அது ஏன் நடக்கிறது, நடந்த பிறகு அது எவ்வளவு காலம் அவர்களோடு இருக்கிறது என்பதைப் பேசப்போகிறோம். "இதையெல்லாம் சபையில் பேசலாமா?" என்று சிலர் கேட்டார்கள். சபையில் பேசாததால்தான் வீட்டுக்குள் நடக்கிறது என்பது நம் பதில்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுக்குச் சோறு போட்டோமா, ஃபீஸ் கட்டினோமா என்பதோடு அமானிதத்தின் கணக்கு முடிவதில்லை. அவர்கள் பயந்து நின்ற நேரத்தில் யார் பக்கம் நின்றோம் என்பதும் அந்தக் கணக்கில் வரும்.

நம் ஊர் கண்ட கொடுமை

இந்த ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கொடுமை என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. 1970களிலும் 1980களிலும் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் சுற்றுக் கிராமங்களுக்குள் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குச் சட்டியோடு ஏற்றி அனுப்புவார்கள். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, பட்டாசுக்குத் திரி வைப்பது என்று எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி. இருட்டிய பிறகு வீடு வந்து சேர்வார்கள். தகப்பன் வாங்கிய முன்பணத்தைப் பிள்ளையின் விரல்கள் கழித்துக்கொண்டிருக்கும்.

அன்று அதைக் கொடுமை என்று சொன்னவர்கள் மிகச் சிலர். "வீட்டுக்கு ஒத்தாசை" என்றார்கள். "சின்ன விரலுக்குத்தான் இந்த வேலை ஓடும்" என்றார்கள். "மழை இல்லாத கரிசல் பூமியில் வேறென்ன செய்ய?" என்றார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்ததால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு காலம் செல்லுபடியானது.

அது எப்படி மாறியது? முதலில் அதற்குப் பெயர் வைத்தார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தில் இந்தப் பிள்ளைகளைத் திரையில் காட்டினார். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்கச் செய்ய வேண்டும், இல்லையேல் அரசு 5,000 ரூபாய் அந்த நிதியில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. 18 வயது வரை பட்டாசு போன்ற ஆபத்தான தொழிலுக்கும் தடை வந்தது. இடையில் சத்துணவும், பக்கத்திலேயே பள்ளிக்கூடமும், "என் பிள்ளையாவது படிக்கட்டும்" என்ற தாய்மார்களின் பிடிவாதமும் சேர்ந்துகொண்டன. இன்று விடியற்காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் அந்த பஸ்ஸை நம் பேரப்பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

கொடுமை நின்றாலும் அதன் தழும்பு நிற்கவில்லை. அன்று கட்டை அடுக்கிய பிள்ளைகள் இன்று நன்னா, நன்னி ஆகிவிட்டார்கள். பேரனின் உதவித்தொகைப் படிவத்தோடு நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். "எங்கே கைநாட்டு வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். கூலி கிடைத்த காலம் போய்விட்டது, கிடைக்காமல் போன எழுத்து அறுபது வயதிலும் கிடைக்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பஸ் கண்ணுக்குத் தெரிந்தது, ஆபீஸ் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் தடுக்க முடிந்தது. இன்னொரு கொடுமைக்கு பஸ் இல்லை, கேட் இல்லை. அது வீட்டுக்குள்ளும் மாடிப்படியிலும் வகுப்பறையிலும் நடக்கிறது.

தெரிந்தவர் கையால்

2007இல் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்டு எழுதியது அது. மூன்றில் இரண்டு பிள்ளைகள் அடி உதை பட்டிருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது 53.22 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகையான பாலியல் சீண்டலுக்கு ஆளாகியிருந்தார்கள். அப்படி ஆளானவர்களில் ஆண் பிள்ளைகள் பாதிக்குச் சற்று அதிகம். "நமக்குப் பையன்தானே, கவலை இல்லை" என்று நினைக்கும் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்கு அறிமுகமானவர்கள், பிள்ளை நம்பியிருந்தவர்கள். நடந்ததை யாரிடமும் சொல்லாத பிள்ளைகளே அதிகம். நாமோ பிள்ளைகளிடம் "தெரியாதவங்க மிட்டாய் கொடுத்தா வாங்காதே" என்று மட்டும் சொல்லி வளர்க்கிறோம்.

2018இல் சென்னை அயனாவரத்தில் வெளிவந்த வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே காது கேளாத 11 வயதுச் சிறுமியை, அங்கே வேலை பார்த்தவர்களே மாதக்கணக்கில் சீரழித்திருந்தார்கள். லிஃப்ட் ஓட்டுபவர், காவலாளி, பிளம்பர் என்று தினமும் பார்க்கும் முகங்கள். கடைசியில் அந்தப் பிள்ளை மனம் திறந்தது தன் அக்காவிடம். அக்கா நம்பினார், தாயிடம் சொன்னார், வழக்கு பதிவானது. 2020 பிப்ரவரியில் போக்சோ சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சுவரும் கேமராவும் காப்பாற்றாத பிள்ளையை, காது கொடுத்துக் கேட்ட ஒருவர் காப்பாற்றினார்.

படித்தவர்கள் இருக்கும் இடம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2018இல் நம் மாவட்டத்து அருப்புக்கோட்டையில், மாணவிகளைத் தவறான வழிக்குப் பேசி அழைத்தவர் கல்லூரி உதவிப் பேராசிரியை. அந்த உரையாடலின் ஒலிப்பதிவு வெளியே வந்ததால் வழக்கானது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

ஏன் நடக்கிறது?

குடி ஒரு காரணம், செல்போனில் பார்க்கும் அசிங்கம் ஒரு காரணம். ஆனால் குடிக்காதவரும், ஐவேளை தொழுபவர் என்று பெயர் எடுத்தவரும் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பவை மூன்று.

முதலாவது, அதிகாரம். ஒருவர் கையில் பிள்ளையின் சோறோ, மார்க்கோ, அடியோ இருக்கிறது. பிள்ளை அவரை எதிர்த்துப் பேச முடியாது.

இரண்டாவது, தனிமை. நம் பகுதியில் அத்தாவும் அம்மாவும் காலையில் பட்டாசு ஆபீசுக்கோ அச்சகத்துக்கோ போனால் இருட்டித்தான் வருகிறார்கள். சில வீடுகளில் அத்தா வளைகுடாவில். பள்ளி விட்டு வரும் பிள்ளை பக்கத்து வீட்டில், சொந்தக்காரர் வீட்டில், கடையில் நிற்கிறது. இதில் தாய்மார்களைக் குறை சொல்வது நியாயமில்லை. வேலைக்குப் போகாமல் அடுப்பு எரியாது. பிள்ளை எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம் தனியாக இருக்கிறது என்பதை ஊரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பேச்சின்மை. "பெரியவங்க சொன்னா கேட்கணும்" என்று நூறு முறை சொல்லியிருக்கிறோம். "பெரியவங்க தப்புச் செய்தா வேண்டாம்னு சொல்லு, எங்கிட்ட வந்து சொல்லு" என்று ஒரு முறையாவது சொன்னோமா என்று ஒவ்வொரு வீடும் யோசிக்கட்டும். தன் உடம்பின் பாகங்களுக்குப் பெயர் சொல்லவே கூசும் பிள்ளை, அங்கே நடந்ததை எந்த வார்த்தையால் சொல்லும்? மார்க்கம் இதில் கூச்சப்படவில்லை. வீட்டுக்குள்ளேயே மூன்று நேரங்களில் பிள்ளைகளும் அனுமதி கேட்டுத்தான் பெரியவர்களின் அறைக்குள் வர வேண்டும் என்று சூரா அந்நூர் கற்றுத்தருகிறது. உடலுக்கு மறைவு உண்டு, அதற்கு எல்லை உண்டு என்பதைச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுப்பது நம் தீனின் வழி.

காயம் எவ்வளவு காலம்?

கொடுமைக்கு ஆளான பிள்ளையின் உடம்பு முதலில் பேசும். அடங்கிப் போயிருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கும். குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குப் போக மறுக்கும், ஒருவரைக் கண்டால் ஒதுங்கும். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கும். "சேட்டை", "சோம்பேறித்தனம்", "கண் பட்டிருக்கு" என்று நாம் பெயர் வைப்போம். ஓதிப் பார்ப்பதைத் தவறென்று சொல்லவில்லை. அதோடு உட்கார்ந்து கேட்கவும் வேண்டும்.

பெரியவரான பிறகு என்ன ஆகிறது? அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு, அவர்களின் உடல்நிலையோடு ஒப்பிட்டு, 1998இல் வெளியிட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, வீட்டில் தாய் அடிபடுவதைப் பார்த்தது, குடிகாரரோடு வாழ்ந்தது போன்றவற்றில் நான்கு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்கு, எதுவும் அனுபவிக்காதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது. இதய நோய் கூட அதிகம்.

இதைக் கேட்டு யாரும் மனம் உடைய வேண்டாம். வாய்ப்பு அதிகம் என்றால் விதி முடிந்தது என்று பொருள் இல்லை. கொடுமைக்கு ஆளானவர்களில் பெரும்பாலானோர் பிறருக்குக் கொடுமை செய்பவர்களாக மாறுவதும் இல்லை. நம்பிக்கையான ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றால், தகுந்த மருத்துவமும் ஆலோசனையும் கிடைத்தால் பிள்ளைகள் மீண்டு வருகிறார்கள். "நீ பொய் சொல்றே", "நீ ஏன் அங்கே போனே?" என்ற இரண்டு கேள்விகள்தான் காயத்தை ஆறவிடாமல் வைக்கின்றன.

மானத்தின் பெயரால் மூன்று வழக்கங்கள்

விஷயம் வெளியே தெரிந்ததும் குடும்பங்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கின்றன.

ஒன்று, மூடி வைப்பது. "வெளியே தெரிஞ்சா நாளைக்கு யார் பொண்ணு கேட்டு வருவாங்க?" என்ற பயம். அந்தப் பயம் பொய்யில்லை, ஊர் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் மூடி வைத்தால் செய்தவருக்குத்தான் லாபம். அவர் அடுத்த வீட்டுக்குப் போவார்.

இரண்டு, பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டு அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது. குற்றம் செய்தவர் கடை திறந்து வியாபாரம் பார்க்கிறார். குற்றத்துக்கு ஆளான பிள்ளை பள்ளிக்கூடத்தை இழக்கிறது. பாதுகாப்பு என்று நாம் சொன்னாலும் பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். 18 வயதுக்கு முன் திருமணம் செய்து வைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

மூன்று, பஞ்சாயத்து. "அவரும் நம்ம ஆளு, பிள்ளைகுட்டிக்காரர், மன்னிப்புக் கேட்கச் சொல்லி முடிச்சிடுவோம்" என்று பேசி முடிப்பது. ஜமாஅத் பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். சொத்துத் தகராறைப் பேசித் தீர்க்கலாம், கணவன் மனைவி மனத்தாங்கலைப் பேசித் தீர்க்கலாம். ஒரு பிள்ளையின் உடம்பை வைத்துச் சமரசம் பேச யாருக்கும் உரிமை இல்லை. ராஜஸ்தானில் மாணவியிடம் தவறாக நடந்ததாக ஓர் ஆசிரியர் மீது வழக்கு. மாணவியின் தகப்பனாரோடு முத்திரைத்தாளில் சமரசம் எழுதிக்கொண்டதைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்துவிட்டார்கள். 2024 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாதென்று சொல்லி வழக்கை நடத்த உத்தரவிட்டது. தகப்பனே சமரசம் செய்ய முடியாத விஷயத்தில் ஜமாஅத் எப்படிச் செய்ய முடியும்?

சொந்தக்காரர் என்பதற்காக நீதியை விட்டுவிடக் கூடாது, பெற்றோருக்கும் உறவுக்கும் எதிராக இருந்தாலும் சாட்சியத்தில் நிலைத்து நிற்க வேண்டும் என்பது சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அது எப்படி என்று தோழர்கள் கேட்டார்கள். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். "நம்ம ஆளு" என்று சொல்பவர்கள் அவருக்கு உண்மையில் உதவ நினைத்தால் அதுதான் வழி.

சட்டம் தரும் பாதுகாப்பு

"போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டுமே" என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம் அந்தப் பயத்தை அறிந்தே எழுதப்பட்டது. அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே அல்லது பிள்ளை விரும்பும் இடத்தில் பதிவு செய்யலாம். இயன்றவரை பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.

பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம்.

பிள்ளையின் பெயர், படம், பள்ளி, தெரு, குடும்பம் எதையும் பத்திரிகை வெளியிடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் அனுதாபம் என்று சொல்லிப் பெயரைப் பரப்புபவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் பிள்ளை குற்றவாளியின் முகத்தைப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. சிறப்பு நீதிமன்றம் இழப்பீடும் வழங்கலாம்.

தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத்தை நடத்துபவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை உண்டு. பள்ளி, மதரஸா, விடுதி, அறக்கட்டளை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நமக்கும் பொருந்தும்.

புகாரை அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ தரலாம். 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பிள்ளையே கூடப் பேசலாம், கட்டணம் இல்லை.

நாம் எடுத்திருக்கும் முடிவுகள்

நிர்வாகக் குழு கூடிப் பேசி நான்கு முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

முதலாவது, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் கொடுமை பற்றி எந்தப் பஞ்சாயத்தும் நம் அலுவலகத்தில் நடக்காது. புகாரோடு வருபவருக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நம் மகளிர் பிரிவிலிருந்து ஒருவர் கூட வருவார். எதிர்த் தரப்பு நம் நன்கொடையாளராக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

இரண்டாவது, நம் உதவி பெறும் மக்தப்களில் பிரம்பு இருக்காது. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதில் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒரு முறை கூட அவர்களிடமிருந்து சீ என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். வகுப்பறைக் கதவு திறந்திருக்கும், பாடம் முடிந்த பிறகு ஒரு பிள்ளையை மட்டும் தனியே நிறுத்தி வைப்பது கூடாது. நம் ஹஜ்ரத்மார்களே இதை முதலில் ஏற்றுக்கொண்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

மூன்றாவது, அஸர் முதல் இஷா வரை வீட்டில் பெரியவர்கள் இல்லாத பிள்ளைகளுக்காக நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தைத் திறந்து வைக்கிறோம். எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். வேலை முடிந்து வரும் தாய்மார்கள் அங்கிருந்து பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

நான்காவது, இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் படிப்புச் செலவைப் பள்ளிப் படிப்பு முடியும் வரை அறக்கட்டளை ஏற்கும். பெயர் எந்தப் பதிவேட்டிலும், இந்த இதழிலும் வராது.

பெற்றோர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். இன்று இரவு சாப்பிட்ட பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "யாராவது உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டாங்கன்னா, அது மாமுவா இருந்தாலும், சாச்சாவா இருந்தாலும், உஸ்தாதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. நான் உன்னைத் திட்ட மாட்டேன், உன்னை நம்புவேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். அத்தாமார்களும் சொல்ல வேண்டும், அம்மாவின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. வளைகுடாவில் இருப்பவர்கள் போனில் சொல்லலாம்.

அறியாமைக் காலத்தில் பெண் குழந்தைகளை உயிரோடு புதைத்தவர்களும் மானத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். மறுமையில் அந்தக் குழந்தையிடமே, என்ன குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும் என சூரா அத்தக்வீர் எச்சரிக்கிறது. யாரும் கேட்காமல் மண்ணுக்குள் போன குரலை அல்லாஹ் அன்று கேட்கிறான். நம் வீட்டுப் பிள்ளையின் குரலை நாம் இங்கேயே, இப்போதே கேட்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளையும், எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளையும் அநியாயக்காரர்களின் கைகளிலிருந்து பாதுகாப்பாயாக. காயப்பட்டவர்களுக்கு ஆறுதலையும் நீதியையும் தருவாயாக. உண்மையைக் கேட்கும் காதையும், அதைச் சொல்லும் துணிவையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.